கறையை மட்டும் எடுக்கச் சொன்னேன், அம்மாவின் முகத்தையே மாற்றி அனுப்பினார்கள்

பழைய போட்டோவைச் சரிசெய்து தருகிறோம் என்று ஆன்லைனில் விளம்பரம் செய்கிறவர்களிடம் படம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் கேட்டது ஒரே ஒரு வேலை. அம்மாவின் இளவயதுப் படம், பிரிண்ட் ஒன்றுதான் இருக்கிறது, அதில் இடது தோளிலிருந்து முழங்கை வரை தண்ணீர் பட்டு வந்த கறை. அந்த இடத்தை மட்டும் செலக்ட் செய்து சரிசெய்யுங்கள், வேறு எதையும், குறிப்பாக முகத்தை, தொடக்கூடாது என்று எழுதியே கொடுத்தேன். "எல்லாம் கையால் செய்கிற வேலைதான், ஏ.ஐ. எதுவும் கிடையாது" என்று பதில் வந்தது. முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

வந்த படத்தை போனில் பார்த்தபோது கறை சுத்தமாகப் போயிருந்தது. கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் அது அம்மாவே இல்லை. மேலுதட்டுக்கு மேல் இருந்த மச்சத்தைக் காணோம். முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் லேசாக ஏறியிருக்கும், அதுவும் வரிசையாகிவிட்டது. அம்மாவின் சாயலில் யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு, "முகம் தெளிவாகியிருக்கிறது, அதற்குத் தனியாகக்கூட நாங்கள் பணம் வாங்கவில்லை" என்றார்கள். இன்னமும் கோபம் அடங்கவில்லை.

போட்டோஷாப் மாதிரியான மென்பொருளில், லாஸோ மாதிரி கோடு வரைந்து இடத்தைத் தேர்ந்தெடுக்கிற ஒரு டூலால் கறை உள்ள இடத்தைச் சுற்றி வளைத்து, ஓரம் வெட்டியது போலத் தெரியாமல் இருக்கக் கொஞ்சம் ஃபெதர் (ஓரத்தை மென்மையாகக் கரைப்பது) கொடுத்து, பக்கத்தில் உள்ள நல்ல பகுதியை எடுத்துக் கறையை மூடுகிற குளோன் ஸ்டாம்ப்போ ஹீலிங் பிரஷ்ஷோ வைத்து வேலை செய்தால், செலக்ஷனையும் அந்த ஃபெதர் ஓரத்தையும் தாண்டி ஒரு பிக்சல்கூட அசையாது. செலக்ஷன் என்ற வசதி இருப்பதே அதற்காகத்தான். திருத்தத்தைத் தனி லேயரில், அதாவது படத்தின் மேல் வைக்கிற தனி அடுக்கில், எந்த இடம் மட்டும் தெரிய வேண்டும் என்று மறைத்துக் காட்டுகிற லேயர் மாஸ்க் போட்டுச் செய்தால் அடியில் ஒரிஜினலும் அப்படியே பத்திரமாக இருக்கும். தோளில் செலக்ஷன் போட்டிருந்தால் பல் எப்படி மாறும்? முழுப் படத்தையும் ஏதோ ஒரு ஏ.ஐ. கருவியில் போட்டுப் புதிதாக வரைய வைத்திருக்கிறார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தெரியவில்லை.

படத்தின் அளவும் அதைத்தான் சொன்னது. 6 அங்குலத்துக்கு 4 அங்குல பிரிண்ட்டை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, 3600க்கு 2400 பிக்சல் கொடுத்திருந்தேன். திரும்பி வந்தது 1536க்கு 1024. சில ஏ.ஐ. கருவிகள் வழக்கமாகத் தருகிற அளவு இது. அப்புறம், லேயர்களைத் தனித்தனியாக வைத்திருக்கிற போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைல் வேண்டும் என்றேன். அதற்குத் தனிக் கட்டணம் என்று சொல்லி அதையும் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். திறந்து பார்த்தால் உள்ளே 'பேக்கிரவுண்ட்' என்று ஒரே ஒரு லேயர். முதலில் அனுப்பிய அதே ஜேபெக் படத்தைத் திறந்து, வேறு ஃபார்மட்டில் சேவ் செய்து அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். லேயர் பேனல் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் இதை வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார்கள்.

இவர்கள் உண்மையில் எதைத் தொட்டார்கள் என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். போட்டோஷாப்பில் செய்யலாம், இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பிலும் செய்யலாம். ஒரிஜினலை ஒரு லேயராகவும், அவர்கள் கொடுத்ததை அதற்கு மேல் இன்னொரு லேயராகவும் துல்லியமாகப் பொருத்தி வைத்து, மேல் லேயரின் பிளெண்ட் மோடை (கீழ் லேயரோடு அது எப்படிக் கலக்க வேண்டும் என்கிற அமைப்பு) 'டிஃபரன்ஸ்' என்று மாற்றுங்கள். மாறாத இடமெல்லாம் கறுப்பாகிவிடும், கைவைத்த இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். ஜேபெக்காகத் திரும்ப சேவ் செய்தாலே படம் முழுக்க மெல்லிய வித்தியாசம் வரும் என்பதால், வேலை முடிந்த படத்தைத் தரம் குறையாமல் சேவ் செய்கிற டிஃப் (TIFF) அல்லது பிஎன்ஜி (PNG) ஃபைலாகக் கேட்டு வாங்குவது நல்லது. என் படத்தில் அளவே வேறு என்பதால், ஒரிஜினலின் ஒரு காப்பியைச் சிறிதாக்கித்தான் ஒப்பிட முடிந்தது. அப்படிச் சிறிதாக்கும்போது ஓரங்களில் லேசான கோடுகள் வரும்தான், ஆனால் எனக்குக் கண், மூக்கு, உதடு, தலைமுடி எல்லாமே ஒளிர்ந்தன. கறை இருந்த தோளைவிட முகம்தான் அதிகமாக ஒளிர்ந்தது!

அந்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன். டிஜிட்டல் ஃபைலுக்கு ரீஃபண்ட் கிடையாது என்று ஒரு வரி வந்தது, அதற்குப் பிறகு பதிலே இல்லை. பணம் கட்டிய வழியில் புகார் கொடுத்திருக்கிறேன், "முகத்தைத் தொடக்கூடாது" என்று நான் எழுதியதும், "ஏ.ஐ. கிடையாது" என்று அவர்கள் எழுதியதும் கையில் இருக்கிறது. நீங்களும் இதையெல்லாம் போனில் பேசி முடிக்காமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாஸ்க்கோடு லேயர் ஃபைல் தருவீர்களா, அதே பிக்சல் அளவில் வருமா என்று முதலிலேயே கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, இனிமேல் நான் இப்படித்தான் செய்யப்போகிறேன். முழுப் படத்தைக் கொடுக்கவே வேண்டாம். கறை உள்ள பகுதியை மட்டும், சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு கிராப் செய்து, அந்தத் துண்டை மட்டும் அனுப்புங்கள். திரும்பி வந்ததும் ஒரிஜினலின் மேல் புது லேயராக ஒட்டி அதே இடத்தில் வையுங்கள். பிக்சல் அளவை மாற்றியிருந்தால் துண்டு பொருந்தாது, உடனே தெரிந்துவிடும். முகம் உங்கள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகவே போகாது.