கௌபாய் வேஷத்துக்கு எந்தப் பொம்மைத் துப்பாக்கி? நாகர்கோவில் கடைச் சரக்கில் தேறுவதும் தேறாததும்

ஆண்டு விழா மாறுவேடத்துக்குத் தொப்பி, ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் வாடகைக்குக் கிடைத்துவிடும். துப்பாக்கியைத்தான் சொந்தமாக வாங்க வேண்டியிருக்கிறது. வேஷம் சறுக்குவதும் அங்கேதான். 1870-களின் கௌபாய் இடுப்பில் இந்தக் காலத்துப் போலீஸ் ரிவால்வர் தொங்கினால், விவரம் தெரிந்தவர் கண்ணுக்கு மற்றதெல்லாம் வீண்.

வடசேரி, மீனாட்சிபுரம், கோட்டாறு பக்கத்துக் கடைகளிலும், சவேரியார் கோயில் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் திருவிழா சமயத்தில் முளைக்கிற பொம்மைக் கடைகளிலும் பெரும்பாலும் இரண்டு வகைதான் கண்ணில் படும். ஒன்று தகரத்தில் செய்த ரோல் கேப் துப்பாக்கி, அதாவது சுருளாக வரும் பொட்டு வெடியை (கேப்) வெடிப்பது. தீபாவளிக்கு வெடிக்க அருமையான சாமான். ஆனால் அதில் தோட்டா நிற்கும் சுழல் உருளையான சிலிண்டரே கிடையாது, கேப் சுருள் ஓடுகிற ஒரு பெட்டிதான். வேஷத்துக்கு ஆகாது.

மற்றது எட்டு வெடி ரிங் கேப், அதாவது வளையமாக வரும் கேப், மாட்டுகிற பிளாஸ்டிக் ரிவால்வர். வாங்க வேண்டியது இதைத்தான். பலர் இதை வாங்கி, கோல்ட் கம்பெனியின் 1873-ஆம் ஆண்டு ரிவால்வர் போல ஆக்கப் பார்க்கிறார்கள். அது சரிவராது. அந்தக் கோல்ட் எங்கேயும் மடங்காது. சிலிண்டருக்குப் பின்னால் வலப்பக்கம் ஒரு சின்னக் கதவு உண்டு. அது வழியாக ஒவ்வொரு தோட்டாவாகப் போட வேண்டும். குழலின் கீழே வலப்புறமாக, காலித் தோட்டாவைத் தள்ளும் கம்பிக்கு ஒரு கூடு ஓடும். நம் பொம்மையில் இந்த இரண்டும் இல்லை. கேப் மாட்ட நடுவில் மடங்கித் திறக்கும்.

மடங்கித் திறப்பது குறையே இல்லை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 3 என்ற ரிவால்வர் 1870-லேயே அப்படித்தான் வந்தது. சிலிண்டருக்கு முன்னால் அடியில் கீல், பின்னால் அடித்து வெடிக்க வைக்கும் சுத்தியலுக்கு முன்னால் மேலே கொக்கி. கொக்கியைத் தூக்கினால் குழலும் சிலிண்டரும் சேர்ந்து முன்னால் சாயும். அமெரிக்க ராணுவமே முதலில் ஆயிரம் வாங்கியது. கீல் அடியில் இருக்கிற பொம்மையாகப் பார்த்து எடுத்தால் பாதி வேலை கடையிலேயே முடிந்தது. சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வருகிற பொம்மையைத் தொடவே வேண்டாம். கோல்ட் கம்பெனி அந்த அமைப்பைக் கொண்டுவந்தது 1889-ல்.

குழலின் மேல் விளிம்பையும் பாருங்கள். மாடல் 3-க்கு அங்கே கெட்டியான ஒரு வரம்பு உண்டு, அதனால் வரம்பு இருப்பது நல்லதுதான். அதில் சன்னல் சன்னலாக ஓட்டை இருந்தால் அது இருபதாம் நூற்றாண்டுத் துப்பாக்கி. விரல் பதிய அலை அலையாகச் செய்த கைப்பிடியும் அப்படியே. அசல் சிலிண்டரில் தோட்டாவுக்கு ஆறு அறை, பொம்மையில் எட்டு. மேடையில் அது யாருக்கும் தெரியப்போவதில்லை, விட்டுவிடலாம்.

காசு கொடுக்கும் முன் டிரிக்கரை எட்டு முறை மெதுவாக இழுத்துப் பாருங்கள். சிலிண்டர் ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில் நிற்க வேண்டும். அரைகுறையாக நின்றால், அதைத் தள்ளுகிற பிளாஸ்டிக் பல் மழுங்கியிருக்கிறது என்று அர்த்தம். சுத்தியல் இரண்டு கேப்புக்கும் நடுவில் விழும், வெடிக்காது. பழுது பார்க்கவும் வழியில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

பெயின்ட் அடிப்பதற்கு முன் உள்பக்கமாக ஓர் இடத்தில் நகத்தால் கீறிப் பாருங்கள். மெழுகு போல வழுவழுப்பாக இருந்து நகம் பதிந்தால் அந்தப் பிளாஸ்டிக்கில் பெயின்ட் நிற்காது, உரிந்து வரும். கெட்டியான பிளாஸ்டிக் என்றால் 400 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, மேட் கறுப்பு ஸ்ப்ரேயை மெல்லியதாக இரண்டு தடவை அடியுங்கள். காய்ந்ததும் பென்சில் கரித்தூளை விரலில் தொட்டு, சிலிண்டர் விளிம்பிலும் குழல் முனையிலும் மட்டும் தேய்த்தால் பிளாஸ்டிக் மினுமினுப்பு போய் இரும்புச் சாயல் வரும். கைப்பிடிக்குச் செம்பழுப்பு எனாமல். சிலிண்டர் சுற்றும் இடுக்கிலும் சுத்தியலின் பக்கங்களிலும் பெயின்ட் இறங்கக் கூடாது. அங்கே முன்கூட்டியே டேப் ஒட்டாவிட்டால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். வெள்ளி நிறத்தில் கிடைத்தால் இவ்வளவு பாடும் வேண்டாம். அந்தக் காலத்தில் நிக்கல் பூசிய ரிவால்வர் சாதாரணம்.

ஆன்லைனில் வரும் வார்ப்பு உலோகப் பொம்மைகள் வடிவத்தில் இதைவிட மேல். பெரியவர் கைக்குப் பொருந்தும். சின்னப் பிள்ளைக்குப் பாரம் அதிகம், கீழே விழுந்தால் சுத்தியல் ஒடியும், ஒடிந்தால் பசை நிற்காது.

துப்பாக்கி உறையை இடுப்பு உயரத்திலேயே கட்டுங்கள். தொடையோடு சேர்த்துக் கட்டித் தாழத் தொங்கவிடும் உறை சினிமாக்காரர்கள் கொண்டுவந்தது.

கேப்பில் இருப்பது பொட்டாசியம் குளோரேட்டும் சிவப்பு பாஸ்பரஸும். குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோர ஊர்களில் பிரித்த பாக்கெட்டை வெளியே வைத்தால் ஈரம் ஏறி நமத்துவிடும். இறுக்கமாக மூடும் டப்பாவில் போட்டு வையுங்கள். காதருகே வெடிக்கப் பிள்ளைகளை விடாதீர்கள்.

குழல் முனையில் ஆரஞ்சு நிறம் இருந்தால் அதை மறைக்க வேண்டாம். வீட்டிலிருந்து மேடை வரை துப்பாக்கி பைக்குள்ளேயே இருக்கட்டும். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறவர்கள் பொம்மையை செக்-இன் பெட்டியில் போட வேண்டும், கைப்பையில் விடமாட்டார்கள். கேப்பை ரயிலிலும் விமானத்திலும் கொண்டுபோக முடியாது. போகிற ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள்.