மினிக்கு ‘ஹெவி டியூட்டி’ வீல் வாங்கி ஏமாந்தேன்: வாங்கும் முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

பழைய மினி கார் வைத்திருப்பவர்கள், அதிலும் 10 அங்குல வீலில் ஓட்டுபவர்கள், வீல் வாங்கக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். விற்றவர் பெயரைப் போடவில்லை. அவர் செய்த வேலையை அடையாளம் கண்டுகொண்டால் போதும், பெயர் தேவைப்படாது.

என் கார் 1970-களின் தொடக்கத்தில் வந்தது. நான்கு பக்கமும் டிரம் பிரேக், 3.5 அங்குல அகலத்தில் சாதாரண ஸ்டீல் வீல். டயர் மாற்றப் போன இடத்தில் மெக்கானிக் ஒரு வீலைக் கழற்றித் திருப்பி வைத்து, துணியால் துடைத்துக் காட்டினார். ஸ்டட் (நட்டை முறுக்கும் திருகுக் கம்பி) நுழையும் ஓட்டையிலிருந்து நடு ஓட்டைப் பக்கமாக மயிரிழை மாதிரி ஒரு விரிசல், அதையொட்டிப் பழுப்பாகத் துரு.

“தம்பி, இது அவ்வளவுதான். மத்த மூணுக்கும் இதே வயசுதானே?”

இது மினிக்குப் புது வியாதி இல்லை. 1959-ல் கார் வந்த கையோடு பந்தயத்தில் இறக்கினார்கள்; வளைவுகளில் விழுந்த பாரம் தாங்காமல் வீலின் நடுத்தட்டு கிழிந்தது. அதற்கப்புறம்தான் தயாரிப்பாளர்கள் வலுவான வீல் கொடுத்தார்கள். 1963-ல் மினியின் வேகமான மாடலான கூப்பர் எஸ் வந்தபோது அதன் ஸ்டீல் வீலில் காற்றோட்டத்துக்காக வரிசையாக வட்ட ஓட்டைகள் இருந்தன. அந்தக் கார் 1964, 1965, 1967 என மூன்று முறை மான்டி கார்லோ ராலியை ஜெயித்தது. ஓட்டை உள்ள வீல்தான் வலுவான வீல் என்று மினிக்காரர்கள் மனதில் பதிந்து போயிற்று. என் மனதிலும்தான்.

மாற்று வீல் தேடியபோது முதலில் ஒரு அலாய் (அலுமினியக் கலவை) வீல் செட்டைப் பார்த்தேன். “நாலு ஸ்டட் சார், அப்படியே உட்காரும்” என்றார் விற்றவர். மினியின் பி.சி.டி., அதாவது ஸ்டட் ஓட்டைகளின் மையங்கள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம், 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீட்டர். வேறு பல சின்னக் கார்களுக்கு 100. வெர்னியர் அளவுகோலை எடுத்து எதிரெதிர் ஓட்டைகளின் மையத்துக்கு மையம் பிடித்தேன், 100-தான் காட்டியது. 1.6 மில்லிமீட்டர்தானே என்று முறுக்கினால் நட் ஏறத்தான் செய்யும். ஆனால் நட்டின் கூம்பு முனை ஓட்டையில் முழுசாக உட்காராது, ஸ்டட் வளைந்தபடியே நிற்கும், ஓட ஓட அசைந்து கொடுக்கும். வேண்டாம் என்று வந்துவிட்டேன். நமக்கு எல்லாம் தெரியும் என்ற மிதப்பு அன்றைக்கு ஏறியது. அந்த மிதப்போடுதான் அடுத்த குழியில் விழுந்தேன்.

அடுத்து நான் பார்த்த விளம்பரத்தில் இருந்தவை கூப்பர் எஸ் மாதிரி ஓட்டை உள்ள ஸ்டீல் வீல்கள். “தடித்த தகடு, 4.5 அங்குல அகலம், பவுடர் கோட்டிங் செய்தது” என்று எழுதியிருந்தது. ஒரு படத்தில் ரிம்மின் குறுக்கே டேப் வைத்து 4.5 என்று காட்டியிருந்தார்கள். வெள்ளிப் பூச்சு கண்ணைப் பறித்தது. போனில் பேசியவரும் நல்ல மரியாதையாகப் பேசினார். “சார், இதெல்லாம் நான் என் காருக்கு வச்சிருந்தது. மனசே இல்லாமத்தான் குடுக்கறேன்.” பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். கேட்கவில்லை. முழுப் பணத்தையும் அவர் கணக்குக்கு அனுப்பினேன்.

பெட்டி வந்தது. மெக்கானிக் அந்த வாரம் ஊரில் இல்லை, எனக்கோ பொறுமை இல்லை. டயரை ஏற்றி நானே மாட்டிவிட்டேன்.

மூன்றாவது வாரம். மெதுவாகத் திரும்பும்போதெல்லாம் முன்பக்கம் இடது பக்கத்தில் ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம். வீல் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப அதுவும் வேகமாகும். நட்டில் ஸ்பேனரைப் போட்டால் நான்கில் இரண்டு கையாலேயே சுற்றுகிற மாதிரி இருந்தன. சரி, நாம் சரியாக முறுக்கவில்லை போல என்று டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினேன். இரண்டு நாளில் மறுபடி அதே சத்தம், அதே இரண்டு நட்.

மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். வீலைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டார். முதலில் நட் உட்காரும் கூம்பைக் காட்டினார். அங்கேயும் தடியாகப் பெயின்ட். முறுக்கும்போது பெயின்ட் நசுங்கும், ஓடும்போது இன்னும் நசுங்கும், நட் தளர்ந்துகொண்டே போகும். அப்புறம் ஒரு துணியைத் தின்னரில் நனைத்து ஓட்டைகளைச் சுற்றித் தேய்த்தார். துணி வெள்ளியாகிவிட்டது. ஒழுங்காகச் சூட்டில் வெந்த பவுடர் கோட்டிங் அப்படி ஒரு தேய்ப்பில் கரைந்து வராது. இது வெறும் ஸ்ப்ரே பெயின்ட்.

பெயின்ட் போனதும் உள்ளே இருந்தது வெளியே வந்தது. ஓட்டைகளின் விளிம்பில் ட்ரில் பிட் விட்டுப் போன பிசிறு. இடைவெளியும் ஒரே சீராக இல்லை; ஒரு ஜோடி நெருங்கி நின்றது, அடுத்தது விலகி நின்றது. அச்சில் குத்திய ஓட்டை இப்படி இருக்காது. நடு ஓட்டையின் விளிம்பில் வெர்னியர் வைத்துத் தகட்டின் தடிமனைப் பார்த்தோம். என் பழைய வீலையும் எடுத்து அதே இடத்தில் பார்த்தோம். வித்தியாசமே இல்லை. யாரோ சாதாரண மினி வீலை எடுத்து, ட்ரில்லில் ஓட்டை போட்டு, கூப்பர் எஸ் வீல் என்று விற்றிருக்கிறார்கள். வலுவான வீல் தேடிப் போனவன், இருந்ததையும் விட வலுக் குறைந்ததை வாங்கி மாட்டியிருக்கிறேன்.

சத்தம் வந்த வீலில் ஒரு ட்ரில் ஓட்டையிலிருந்து ஸ்டட் ஓட்டை வரை விரிசல் ஓடியிருந்தது. அதை மறைக்க அதன்மேல் வழித்துவிட்ட பட்டி (புட்டி). அதாவது விரிசல் எனக்கு விற்கும்போதே இருந்திருக்கிறது. இதை எழுதும்போதும் வயிற்றைப் பிசைகிறது. அந்த வீல் மாட்டிய காரில் என் மகளை உட்கார வைத்து ஓட்டியிருக்கிறேன்.

4.5 அங்குலம் என்பதும் பொய்தான். ரிம்மின் அகலத்தை டயரின் ஓரம் உட்காரும் உள்பக்கத்தில்தான் அளக்க வேண்டும். வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு டேப் வைத்தால் 3.5 அங்குல ரிம்மும் ஏறக்குறைய 4.5 காட்டும். படத்தில் டேப் பொய் சொல்லவில்லை. வைத்த இடம்தான் பொய். 100-ஐயும் 101.6-ஐயும் பிரித்துப் பார்த்த நான் இதைக் கோட்டைவிட்டேன்.

விற்றவரைக் கூப்பிட்டேன். “பள்ளத்துல விட்டிருப்பீங்க சார்” என்றார். பட்டியின் படத்தை அனுப்பினேன். “மாட்டின பொருளை எப்படி சார் திருப்பி எடுக்கறது?” என்றார். அதற்கப்புறம் போனை எடுக்கவே இல்லை. பணம் போனது போனதுதான்.

இப்போது வாங்குபவர்களுக்கு, என் செலவில் நான் கற்றதைச் சொல்கிறேன். ஸ்டீல் வீல் என்றால் பெயின்ட் அடிக்காத நிலையில் கேளுங்கள். துருவோடு இருந்தாலும் பரவாயில்லை, துரு பொய் சொல்லாது. சந்தேகம் இருந்தால் வெல்டிங் சோதனைக்குப் பயன்படுத்தும் டை பெனட்ரன்ட் அடித்துப் பார்க்கலாம். சிவப்புச் சாயத்தை அடித்து, கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் இருக்கும் இடம் சிவப்புக் கோடாக எழும்பி வரும். அலாய் என்றால் பின்பக்கம் வார்ப்பிலேயே அளவு, ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து மாட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது), தாங்கும் பாரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஜே.டபிள்யூ.எல். என்ற ஜப்பானியத் தர முத்திரை தயாரிப்பாளர் தானே சோதித்துப் போட்டுக்கொள்வது, கூடவே வி.ஐ.ஏ. முத்திரை இருந்தால் வெளியாள் சோதித்தது. ‘ஃபோர்ஜ்டு’ (வார்க்காமல் அழுத்தி உருவாக்கியது) என்ற வார்த்தையை விளம்பரத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

நட்டையும் மறக்காதீர்கள். அலாயின் தடிமனுக்குப் பழைய ஸ்டட் பெரும்பாலும் பத்தாது. மினியின் ஸ்டட் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. நட் குறைந்தது 9 முழுச் சுற்று ஏற வேண்டும். கையால் சுற்றி எண்ணிப் பார்த்துவிடுங்கள். டிஸ்க் பிரேக் இருந்தால் இன்னொன்று: 8.4 அங்குல டிஸ்க் 10 அங்குல வீலுக்குள் போகாது, 12 அங்குல வீல் வேண்டும்.

கடைசியில் வேறொருவரிடம் புது அலாய் வாங்கினேன். விலை சொல்வதற்கு முன்பே அவர் கேட்ட முதல் கேள்வி, “முன்னாடி டிஸ்க்கா டிரம்மா?” இரண்டாவது கேள்வி, “ஸ்டட் எவ்வளவு நீளம் வெளிய நிக்குது?” பின்பக்கப் படத்தை நான் கேட்காமலே அனுப்பினார்.

அந்த நான்கு வீல்களையும் கிரைண்டரால் குறுக்கே அறுத்துத்தான் பழைய இரும்புக்குப் போட்டேன். முழுசாகப் போட்டால் இன்னொரு கோட் வெள்ளி அடித்து யாராவது விற்றுவிடுவார்கள்.

நேற்று அந்த விளம்பரம் மறுபடி வந்திருக்கிறது. அதே படம்தான். டேப் இன்னும் வெளிவிளிம்பில்தான் இருக்கிறது.