டிக்கெட்டில் யாருடைய செல்போன் எண் இருக்கிறது? சேலத்துக்காரர்கள் கவனத்துக்கு

டெல்லியில் இருக்கும் மகளுக்குச் சித்திரைக் கடைசியில் பிரசவ நாள் குறித்திருந்தார்கள். நானும் மனைவியும் பெங்களூரு போய் விமானம் ஏறுவதென்று, ஐந்து ரோடு பக்கம் ஒரு டிராவல்ஸில் போக வர டிக்கெட் எடுத்தோம். காமலாபுரத்தில் இருக்கும் நம் சேலம் விமான நிலையத்திலிருந்தே பறந்திருக்கலாமே என்பீர்கள், நேரம் ஒத்துவரவில்லை. அந்தக் கடையில் இன்றும் வயதானவர்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

டிராவல்ஸ்காரர் இரண்டு விலை காட்டினார். குறைந்த கட்டண விமானம் ஒரு வழிக்குத் தலைக்கு 5,200 ரூபாய், பழைய பெரிய நிறுவனம் 6,400. "இரண்டும் ஒரே நேரத்தில்தான் போய்ச் சேரும் ஐயா, எதற்கு வீண் செலவு?" என்றார். 6,400 ரூபாயில் சாப்பாடும் கூடுதல் பெட்டி எடையும் அடக்கம், மலிவு டிக்கெட்டில் தலைக்கு 15 கிலோதான் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை, மலிவானதையே எடுத்தேன்.

பிள்ளை பெறப்போகும் மகளைப் பார்க்க எந்தத் தாய் வெறுங்கையோடு போவாள்? லேகியம், சத்துமாவு, துவைத்து மடித்த பழைய பருத்திப் புடவைகள், ஒரு பெட்டி மல்கோவா. விமான நிலையத்தில் எடை போட்டால் 39 கிலோ. அதிகப்படியான 9 கிலோவுக்கு, கிலோ 600 வீதம் 5,400 ரூபாய் கட்டச் சொன்னார்கள். மாம்பழத்தை விட்டுவிடலாமா என்று மனைவி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கண் கலங்கி நின்றாள். கட்டிவிட்டேன். முன்கூட்டியே இணையத்தில் கூடுதல் எடை வாங்கியிருந்தால் குறைவாக ஆகியிருக்கும் என்று கவுண்டரில் இருந்த பெண்தான் சொன்னார். போகும் வழியில் 2,400 மிச்சம் பிடிக்கப் போய் 5,400 கொடுத்தோம்.

இதையாவது என் கவனக்குறைவு என்று விடலாம். அடுத்தது அப்படியல்ல.

டிக்கெட்டோடு 3,000 ரூபாய்க்கு ஓர் உறுப்பினர் அட்டையும் விற்றார். எந்த விமானத்தில் பறந்தாலும் பாயின்ட் சேருமாம், பிறகு அதை டிக்கெட் வாங்கப் பயன்படுத்தலாமாம். அப்படி ஓர் அட்டை கிடையாது. ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப், இண்டிகோ 2024-இல் தொடங்கிய புளூசிப் ஆகிய உறுப்பினர் திட்டங்களில் நாமே இலவசமாகச் சேரலாம். அந்தந்த நிறுவனத்திலும் அதன் கூட்டாளிகளிடமும் பறந்தால்தான் பாயின்ட் வரும். ஏர் இந்தியாவில் 2024 முதல் பறந்த தூரத்துக்கு அல்ல, செலவழித்த பணத்துக்கே பாயின்ட். ஆண்டுக்கு ஒரு முறை பறக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அது எத்தனை தேறும்? பாயின்ட்டுக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். பெட்டி எடைக்காகக் கொடுக்கலாம்.

மகளுக்குத் துணையாக மனைவி அங்கேயே தங்கவேண்டி வந்ததால், அவளுடைய திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னேன். "சலுகை டிக்கெட் ஐயா, ஒரு பைசாகூட வராது" என்றார் டிராவல்ஸ்காரர். ஒரு மாதம் கழித்து, டிக்கெட்டில் இருந்த பிஎன்ஆர் என்ற பதிவு எண்ணை வைத்து நானே விமான நிறுவனத்தை அழைத்தேன். ரத்துக் கட்டணம் போக 1,900 ரூபாயை முகவரின் கணக்குக்கு எப்போதோ அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். பதிவில் இருந்த செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் அவருடையவை. எங்களுக்கு ஒரு குறுஞ்செய்திகூட வராததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகைக்கு மேல் ரத்துக் கட்டணம் பிடிக்க முடியாது. வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும், சலுகை டிக்கெட்டாக இருந்தாலும், விமானத்துக்கே போகாவிட்டாலும், திரும்பி வரவேண்டும். முகவரிடம் வாங்கிய டிக்கெட்டுக்கும் பணம் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதுதான். ஆகவே கடையை விட்டு இறங்கும் முன் டிக்கெட்டில் உங்கள் எண் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டண விவரம் பிரித்துப் போட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, அந்தப் புகார் எண்ணோடு கடைக்குப் போனேன். 1,900 ரூபாயை மறு பேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். அட்டைக்குக் கொடுத்த 3,000 இன்னும் வரவில்லை. வரும் திங்கட்கிழமை மறுபடியும் போகிறேன்.