வெளிச்சத்தை மேலிருந்து இறக்கிய வீடு: புதுப்பித்துச் சில ஆண்டுகளுக்குப் பின்

1968ஆம் ஆண்டு உலக வர்த்தகப் பொருட்காட்சிக்குப் பிறகு வீட்டுவசதி வாரியத்தால் விரிவடைந்த சென்னை அண்ணா நகரில், எழுபதுகளில் கட்டப்பட்ட காங்கிரீட் வீடு எங்களுடையது. கட்டிய காலத்தில் அது இருண்ட வீடாக இருந்திருக்காது. இருபுறமும் இருந்த தனிவீடுகள் அடுக்குமாடிகளாக மாறிய பின்புதான் பக்கத்துச் சந்துப் பக்கம் பார்த்த ஜன்னல்களுக்கு வானம் தெரியாமல் போய், நடுவிலிருந்த சாப்பாட்டு அறையில் பகலிலும் விளக்கெரிய வேண்டியதாயிற்று. அந்த ஜன்னல்களை எவ்வளவு பெரிதாக்கினாலும் எதிர்ச்சுவர்தான் தெரியும் என்பதால், வெளிச்சத்தை மேலிருந்து இறக்க முடிவு செய்தோம்.

கூரையைத் திறந்து கண்ணாடி பதிக்கலாம் என்று பலரும் சொன்னார்கள். ஆனால் சென்னை ஏறத்தாழ 13 பாகை வடக்கில் இருப்பதால், ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் உச்சிக்கு நேரே வந்துவிடுகிறது. படுக்கைவாட்டில் கிடக்கும் கண்ணாடி அந்த வெயில் முழுவதையும் உள்ளே விடும். ஐப்பசி மழையில் அதன் விளிம்புகள் ஒழுகாமல் பார்த்துக்கொள்வதும் ஓயாத வேலை. ஆகவே மொட்டைமாடியில் நிற்கும் படிக்கூண்டின் வடக்குச் சுவரில் அகலமான ஜன்னலைச் செங்குத்தாக வைத்து, படியோரத்துச் செங்கல் கைப்பிடிச் சுவரை எடுத்துவிட்டு இரும்புக் கிராதி பொருத்தினோம். இப்போது வெளிச்சம் படிவழியே சாப்பாட்டு அறைவரை இறங்குகிறது. கார்த்திகை மாத மழைநாட்களைத் தவிர, பிற்பகல்வரை விளக்குத் தேவைப்படுவதில்லை. வடக்கு ஜன்னலில் வெயிலே விழாது என்ற நம்பிக்கை மட்டும் நம் ஊருக்குப் பொருந்தாது. ஜூன் மாதத்தில் நண்பகல் வெயிலைச் சன்ஷேட் தடுத்துவிடுகிறது. மாலை வெயிலோ வடமேற்கிலிருந்து சாய்வாக நுழைந்து படிச்சுவரில் விழுகிறது.

இடத்தைப் பொறுத்தவரை, அறைகளுக்கிடையே நடைபாதையை உண்டாக்கியிருந்த நாலரை அங்குலத் தடுப்புச் சுவரை எடுத்ததே பெரிய லாபம். ஒன்பது அங்குலச் சுவர் கூரையைத் தாங்குவது. அதில் வழி திறப்பதற்கு மேஸ்திரியின் சொல் மட்டும் போதாது. பொறியாளர் கணக்குப் போட்டுக் கொடுத்த பிறகே, முட்டுக் கொடுத்து இரும்பு உத்தரம் ஏற்றினோம். வென்டிலேட்டர்களை மறைத்திருந்த பரண்களை இடித்தபோது, கூரையின் அடியில் கம்பி துருவேறி, பூச்சு உப்பியிருந்தது தெரிந்தது. துருப்பிடித்த கம்பி பருத்துக் காங்கிரீட்டைப் பிளக்கும் என்பதால், கம்பியைச் சுத்தம் செய்து மறுபூச்சு கொடுத்த பின்பே மற்ற வேலைகள் நகர்ந்தன. இந்த வயதுள்ள வீட்டைத் தொடுகிறவர்கள், கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் முன்பாக இதற்கென்று பணம் ஒதுக்குவது நல்லது.

சுவர் எடுத்த இடத்தில் பழைய மொசைக்குக்கு நிறம் பொருந்தாததால் கடப்பைக் கல் பட்டை பதித்தோம். அது இன்றும் கண்ணை உறுத்தவில்லை. குறை என்றால், சமையலறைத் தாளிப்பு நெடியும் மிக்சிச் சத்தமும் இப்போது தடையின்றி முன்னறைவரை வருகின்றன. படிக்கூண்டு ஜன்னலின் உட்புறத்தைத் துடைக்க ஒவ்வொரு முறையும் ஏணி தேவைப்படுகிறது.