நிபந்தனையோடு பணமா, நிபந்தனை இல்லாமலா?

பிள்ளை பள்ளிக்குப் போனால்தான், மருத்துவப் பரிசோதனைக்கு வந்தால்தான் உதவித்தொகை என்ற முறை, 1997-ல் மெக்சிகோ தொடங்கிய புரோக்ரெசா திட்டத்தால் உலகெங்கும் பேசப்பட்டது. பலனும் இருந்தது. மேல்வகுப்புகளில் சேரும் பெண்பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது. இதற்கு மாற்றாக நிற்பது, பணத்தைக் கொடுத்துவிட்டு, முடிவை அதை வாங்குபவரிடமே விடும் முறை.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு மலாவியின் சோம்பா பகுதியில் நடந்தது. பதின்வயதுப் பெண்களில் ஒரு பிரிவினருக்கு 80 சதவீத வருகை இருந்தால்தான் பணம். இன்னொரு பிரிவினருக்கு எந்தக் கேள்வியும் இல்லை. படிப்பை நிறுத்தாமல் காப்பதில் நிபந்தனைதான் தெளிவாக முன்னே நின்றது. ஆனால் இளவயதுத் திருமணமும் கர்ப்பமும் நிபந்தனையற்ற பிரிவில்தான் நன்றாகக் குறைந்தன. காரணம், பள்ளியை விட்ட பெண்களின் கைக்கும் அங்கே பணம் போய்க்கொண்டிருந்தது. மற்ற பிரிவிலோ, படிப்பு நின்றதும் பணமும் நின்றது. உதவி அதிகம் தேவைப்படும் நேரத்தில் கையை விடுவது எப்படிச் சரியாகும்? நிபந்தனை வேண்டாம் என்ற என் முடிவை மாற்ற முடியாதபடி செய்தது இந்த ஒன்றுதான்.

வேலையில்லாதோர் விஷயத்திலும் இதே கதைதான். வேலை தேடுவதற்கான விதிகளை மீறினால் மூன்று ஆண்டுவரை உதவியை நிறுத்தலாம் என்று பிரிட்டன் வைத்திருந்தது. 2019-ல் அரசே அதை ஆறு மாதமாகக் குறைத்தது. பின்லாந்து 2017, 2018 இரண்டு ஆண்டுகளும் வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோவை நிபந்தனையின்றிக் கொடுத்தது. அவர்கள் சோம்பேறிகளாகிவிடவில்லை. வேலை செய்த நாட்கள் சற்றுக் கூடவே செய்தன. மன அழுத்தம் குறைவாகவும் பிறர்மேல் நம்பிக்கை அதிகமாகவும் இருந்தன.

"குடித்தே அழிப்பார்கள்" என்பார்களே, அதையும் பல நாடுகளில் ஆராய்ந்துவிட்டார்கள். ரொக்க உதவியால் மது, புகையிலைச் செலவு கூடியதாகப் பொதுவாகத் தெரியவில்லை. அப்புறம், வருகையைச் சரிபார்க்கவும் ஆளும் பணமும் வேண்டும். கையெழுத்து வாங்க அலையும் பயனாளிக்கோ அன்றைய கூலி போய்விடும்.

பள்ளியே இல்லாத ஊரில் இரண்டு முறையும் பள்ளியைக் கட்டித் தராது. அது அரசின் தனிக் கடமை. இருக்கும் இடத்தில் என் தேர்வு நிபந்தனையற்ற பணம்தான். வருகை குறைந்தால் பணத்தை நிறுத்த வேண்டாம். ஓர் ஆளை வீட்டுக்கு அனுப்பி, ஏன் வரவில்லை என்று கேட்கட்டும்.