கீசரை நாள் முழுக்க ஓடவிடுவதா, குளிக்கும் முன் போடுவதா?

மதுரை திருப்பாலையில் எங்கள் வீட்டில் இரண்டு கீசர்கள். இரண்டும் 15 லிட்டர், 2 கிலோவாட். 2019-இல் ஒரே நாளில் வாங்கி, ஒரே ஆள் மாட்டியவை. கீழே இருப்பது அத்தைக்கும் மாமாவுக்கும். மாடியில் இருப்பது எனக்கும் கணவருக்கும். கீழே உள்ளதன் சுவிட்சை அவர்கள் அணைப்பதே இல்லை. மாடியில் குளிப்பதற்கு முன்தான் போடுவேன், குளிக்கப் போகும்போது அணைத்துவிடுவேன். ஐந்து ஆண்டுகள் இப்படியே ஓடின. போன மார்கழியில் இரண்டையும் ஒரே நாளில் பிரித்துப் பார்க்க நேர்ந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகம் இல்லை: மதுரையின் போர் தண்ணீருக்குப் போட்டு அணைப்பதே நல்லது.

எப்போதும் ஓடும் கீசரின் வசதியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அத்தைக்கு முட்டிவலி. மார்கழியில் நாலரை மணிக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுவார். எழுந்ததும் குழாயைத் திருகினால் வெந்நீர் வருகிறது. இருட்டில் சுவிட்சைத் தேடி, பதினைந்து இருபது நிமிடம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ‘திருகியவுடன் வெந்நீர்’ என்பது குளியலறைக்குத்தான் பொருந்தும். அதே கீசரிலிருந்து ஆறு மீட்டர் தள்ளியிருக்கும் சமையலறைக்கு அரை அங்குலக் குழாய் போகிறது. அந்தக் குழாயில் நிற்கும் முக்கால் லிட்டர் தண்ணீர் எப்படியும் பச்சைத் தண்ணீராகத்தான் வரும். கீசர் இரவெல்லாம் கொதித்தாலும் அதில் மாற்றமில்லை.

அடுத்தது கரண்ட். “அணைத்து அணைத்துப் போட்டால்தான் அதிகம் இழுக்கும், சூடாகவே வைத்திருந்தால் கொஞ்சம்தான் இழுக்கும்” என்பது மாமாவின் கட்சி. பலர் வீட்டிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். அது சரியில்லை. தொட்டிக்குள் இருக்கும் சூட்டுக்கும் வெளியே இருக்கும் சூட்டுக்கும் எவ்வளவு வித்தியாசமோ, அந்த அளவுக்கு வெப்பம் சுவர் வழியே கசிந்துகொண்டே இருக்கும். எத்தனை மணி நேரம் சூடாக வைத்திருக்கிறோமோ அத்தனை மணி நேரமும் அந்த இழப்பு உண்டு. ஆறவிட்டால் இழப்பும் குறையும். ஒரு தொட்டித் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற அரை யூனிட்டுக்குச் சற்று அதிகம் பிடிக்கும். அந்தச் செலவு இரண்டு முறையிலும் ஒன்றுதான். வித்தியாசம் முழுவதும் சும்மா வைத்திருக்கும் நேரத்தில்தான் இருக்கிறது.

இதை மாமாவுக்குக் காட்ட ஒரு வாய்ப்பு வந்தது. எல்லோரும் ராமேஸ்வரம் போனபோது பிரிட்ஜைக் காலிசெய்து நிறுத்திவிட்டு, கீழ் கீசரை மட்டும் ஓடவிட்டுப் போனோம். சனி காலை ஆறு மணிக்கு மீட்டரைக் குறித்துக்கொண்டேன், ஞாயிறு காலை ஒன்பதுக்குத் திரும்பிப் பார்த்தேன். ஒரு சொட்டு வெந்நீர் எடுக்காமலே 0.8 யூனிட் ஓடியிருந்தது. நாளுக்கு 0.7 என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 42 யூனிட். ஆயிரக்கணக்கில் போகிறது என்று பயமுறுத்தமாட்டேன், தொகை சிறியதுதான். ஆனால் நம் மின்கட்டணம் இரண்டு மாதக் கணக்கு. 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான குறைந்த கட்டணமும் கைவிட்டுப் போகும். 480, 490-இல் நிற்கும் வீடுகளுக்கு அந்த 42 யூனிட் பெரிய விஷயம்.

இதையெல்லாம்விட என்னை ஒரு பக்கம் நிற்கவைத்தது பராமரிப்புதான்.

போன மார்கழியில் ஒரு காலை வீடு முழுவதும் கரண்ட் போனது. மின்கசிவைக் கண்டு தானே இறங்கும் இ.எல்.சி.பி. சுவிட்ச் இறங்கியிருந்தது. தூக்கிவிட்டால் கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடி இறங்கும். கீழ் கீசரை அணைத்ததும் நின்றது. பழுது பார்க்க வந்த தம்பி கீசரைக் கழற்றித் திண்ணையில் சாக்கு விரித்துப் படுக்கவைத்தார். அடி மூடியைத் திறந்து, தண்ணீரைச் சூடாக்கும் காயிலை இழுத்தபோது அது சுலபமாக வரவில்லை. சுண்ணாம்புக் காரை பூசியது போல விரல் கனத்துக்கு வெள்ளைப் படிவு. தொட்டிக்குள்ளிருந்து முறுக்கு உடைசல் போல உதிர்ந்தது அரை வாளி இருக்கும். படிவைத் தட்டியெடுத்ததும் காயிலின் உறையில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு. சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் காயில் உள்ளேயே காய்ந்து வெடித்திருக்கிறது; அந்த வழியாகத்தான் கரண்ட் தண்ணீரில் கசிந்தது. இ.எல்.சி.பி. இல்லாத வீடாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது.

தொட்டி துருப்பிடிக்காமல் தான் கரைந்து காக்கும் மெக்னீசியம் ராடும் கீசருக்குள் உண்டு. கீழ் கீசரில் அது கரைந்துபோய் நடுக் கம்பி மட்டும் மிஞ்சியிருந்தது. “அக்கா, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் தொட்டியே ஓட்டையாகியிருக்கும்” என்றார் அந்தத் தம்பி. அப்படியே மாடியில் இருப்பதையும் திறக்கச் சொன்னேன். படிவு இருந்தது, ஆனால் நகத்தால் சுரண்டினால் வந்தது. ராடில் பாதிக்கு மேல் பாக்கி. காயிலைச் சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி அதையே மாட்டிவிட்டோம். கீழே காயில், ராட், வாஷர் எல்லாம் புதிதாக டவுன்ஹால் ரோட்டிலிருந்து வாங்கிவர வேண்டியிருந்தது.

இதில் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். கீழே படிந்த அத்தனையும் அணைக்காமல் விட்டதால் மட்டும் வந்ததல்ல. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து சூடு ஏறியதும் பிரிந்து படிகிறது. புதுத் தண்ணீர் எவ்வளவு உள்ளே போகிறதோ, சூடு எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவு படியும். கீழே சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு 70 டிகிரியில் இருந்தது. எப்போதும் வெந்நீர் இருக்கிறது என்பதால் பாத்திரம் கழுவவும் கால் கழுவவும் அதையே திறந்தார்கள். மாடியில் 55-க்கு மேல் வைத்ததில்லை. எனவே எந்தக் காரணம் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் எப்போதும் ஓடினால் இந்தப் பழக்கங்களும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. ராட் கரைவதற்கோ நேரடியான காரணம் உண்டு: சூடான தண்ணீரில் அரிப்பு வேகம் கூடும், அங்கே 24 மணி நேரமும் சூடு. மாநகராட்சித் தண்ணீர் மட்டுமே புழங்கும் வீட்டில் இந்த வித்தியாசம் குறைவாக இருக்கலாம். எங்கள் அனுபவம் போர் தண்ணீரோடு மட்டும்தான்.

போட்டு அணைப்பதிலும் சங்கடம் உண்டு. மறந்துவிடுவோம். 55 டிகிரியில் 15 லிட்டர் என்றால் பச்சைத் தண்ணீர் கலந்து சுமார் 30 லிட்டர் கிடைக்கும், ஒன்றரை வாளி. இரண்டாவது ஆள் குளிக்க மறுபடி கால் மணி நேரம் ஆகும். நாலைந்து பேர் அடுத்தடுத்துப் பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்பும் வீட்டில் காலை இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓடவிடுவதே சரி. அதன்பின் அணைத்தால் போதும். இன்னொன்று: வெதுவெதுப்பாகவே நிற்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற நுண்ணுயிரி வளரும், 25 முதல் 45 டிகிரி அதற்குத் தோதானது. ஊருக்குப் போய்த் திரும்பினால் முதல் முறை 60-க்கு மேல் ஏற்றி, சற்று நேரம் வைத்திருந்துவிட்டுக் குளிக்கிறேன்.

அத்தையின் நாலரை மணிக்கு வழி, 16 ஆம்பியர் தாங்கும் ஒரு டைமர். கீழே அதை மாட்டி நாலு பத்துக்கு ஓடவிட்டு ஐந்தரைக்கு நிற்கும்படி வைத்தேன், திருகை 55-க்கு இறக்கினேன். முதல் இரண்டு நாள் மாமா நம்பாமல் எழுந்து வந்து கையை விட்டுப் பார்த்தார். பங்குனி பிறந்ததும் டைமரையும் நிறுத்திவிட்டோம். அப்போது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே காலை ஒன்பது மணிக்குமேல் கை பொறுக்காத சூட்டில் வருகிறது.