ஏழு படங்கள், மூன்று மோதல்கள்

ஒரு வாரம் முழுக்கத் தினம் ஒரு படம் என்று உட்கார்ந்தேன். ஏழும் முன்பே பார்த்தவைதான், ஆனால் இந்தத் தடவை ஒன்றுக்கு எதிரே இன்னொன்றை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று ஆசை. முதல் மூன்று நாளும் சாட்சி சொல்லும் படங்கள்: ‘ராஷோமோன்’ (1950), ‘அந்த நாள்’ (1954), ‘12 ஆங்ரி மென்’ (1957). அடுத்த இரண்டு நாளும் குழந்தைகள்: ‘மை நெய்பர் டொட்டோரோ’, ‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்’, இரண்டுமே 1988. கடைசி இரண்டு நாளும் வேகமும் நிதானமும்: ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்’ (2015), ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953). ‘அந்த நாள்’ முடிவை மட்டும் சொல்ல மாட்டேன். மற்ற படங்களின் கதை அங்கங்கே வெளியே வரும், பார்க்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதை வைத்து ஒப்பிடுவது என்று முதல் நாளே யோசித்தேன். கதைக்கு இத்தனை, நடிப்புக்கு இத்தனை, இசைக்கு இத்தனை என்று மார்க் போட எனக்குப் பிடிக்காது, போட்டாலும் மறுநாள் மாறிவிடும். அதனால் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டேன். பார்த்துக்கொண்டிருக்கிற என் தலையில் இந்தப் படம் எந்த வேலையைக் கட்டுகிறது, எந்த வேலையைத் தானே முடித்துக் கொடுத்துவிடுகிறது?

‘ராஷோமோன்’ கதை ஊரறிந்தது. காட்டில் ஒரு சாமுராய் செத்துக் கிடக்கிறான், கொள்ளைக்காரன், சாமுராயின் மனைவி, ஆவியாக வந்து பேசும் சாமுராய், விறகுவெட்டி என்று நான்கு பேரும் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். இந்தத் தடவை என்னைப் பிடித்து நிறுத்தியது விசாரணைக் காட்சிகள். நீதிபதியை இயக்குநர் குரோசாவா காட்டவே இல்லை, அவர் குரல்கூடக் கேட்காது. சாட்சிகள் வெறும் தரையில் உட்கார்ந்து நேரே நம்மைப் பார்த்துப் பேசுகிறார்கள், நமக்குக் கேட்காத கேள்வியைத் தாங்களே ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் தருகிறார்கள். நீதிபதியின் இடத்தில் நம்மை உட்கார வைத்துவிட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது. அப்புறம் அந்த வாள் சண்டை. கொள்ளைக்காரன் சொல்லும்போது 23 தடவை வாளோடு வாள் மோதியது என்று பெருமை பொங்குகிறது, இரண்டு மாவீரர்கள் மோதுவது போலத்தான் நாமும் பார்க்கிறோம். விறகுவெட்டி சொல்லும்போது அதே இரண்டு பேருக்கும் கை நடுங்குகிறது, காலடி இடறுகிறது, இலைச்சருகில் விழுந்து தவழ்கிறார்கள், இசை எதுவும் இல்லாமல் மூச்சிரைப்பு மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்ட பிறகு முதல் சண்டையை நம்ப முடியவில்லை. ஆனால் விறகுவெட்டியும் ஒன்றை மறைக்கிறான் என்று தெரிய வரும்போது இந்த நம்பிக்கையும் போய்விடுகிறது. தீர்ப்பை முழுக்க நம்மிடம் விட்டுவிட்டு, அதைச் சொல்ல எந்த ஆதாரத்தையும் கையில் கொடுக்காமல் படம் நகர்ந்துவிடுகிறது.

‘அந்த நாள்’ இதன் நகல் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்பவர்கள் உண்டு. அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதை இயக்கிய எஸ். பாலசந்தர் ‘ராஷோமோன்’ பார்த்துத்தான் தூண்டப்பட்டார் என்பது உண்மை, ஒரு சாவு, பல வாய்கள் என்ற வடிவமும் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் கேள்வி வேறு. இங்கே 1943-இல் சென்னையில் ஜப்பான் குண்டு போட்ட சமயம், ராஜன் என்ற ரேடியோ இன்ஜினியர் சுடப்பட்டு இறக்கிறான், ஜாவர் சீதாராமன் நடித்த சிஐடி அதிகாரி ஒவ்வொருவராக விசாரிக்கிறார். ஒருவர் இன்னொருவர் மேல் கையைக் காட்ட, அவர் மூன்றாவது ஆளைக் காட்ட, சந்தேகம் கைமாறிக்கொண்டே போகிறது. ‘ராஷோமோன்’ சாட்சியங்கள் ஒன்றையொன்று அழிக்கின்றன, இங்கே அவை ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்து, செத்துப்போன ராஜன் எப்படிப்பட்டவன் என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுகின்றன. கடைசியில் விடையும் உண்டு. நமக்குத் தருகிற வேலை அளவானது, யார் என்று யூகிப்பது மட்டும்தான், அதையும் படமே முடித்துக் கொடுத்துவிடுகிறது.

அதனால் இது குறைந்த படம் என்று அர்த்தமில்லை. ராஜனாக நடித்த, திரைக்கு வந்து இரண்டே வருடமான சிவாஜியை ஆரம்பக் காட்சியிலேயே சுட்டுச் சாய்த்துவிட்டுக் கதையைத் தொடங்க எவ்வளவு தைரியம் வேண்டும்! அதோடு பாட்டே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம் இது, எடுத்தவரோ வீணை வித்வான். இசையை உள்ளும் புறமும் அறிந்த ஒருவர் இந்தக் கதைக்குப் பாட்டு வேண்டாம் என்று முடிவெடுத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. வந்தபோது படம் சரியாக ஓடவில்லை. இப்போது பார்த்தால் ஒரு பாட்டைச் செருக எங்கேயும் இடமே தெரியவில்லை, அவ்வளவு கச்சிதம்.

மூன்றாவது நாள் ‘12 ஆங்ரி மென்’. இதிலும் கொலை, சாட்சி, தீர்ப்பு எல்லாம் உண்டு, ஆனால் பிளாஷ்பேக் ஒன்றுகூடக் கிடையாது. 96 நிமிடப் படம், சில நிமிடங்களைத் தவிர முழுவதும் ஒரே அறைக்குள். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பையன் குற்றவாளியா இல்லையா என்று பன்னிரண்டு ஜூரிகள் கூடி முடிவெடுக்க வேண்டும். முதல் வாக்கெடுப்பில் பதினொரு பேர் குற்றவாளி என்கிறார்கள், ஒருவர் மட்டும் இல்லை என்கிறார். கிழவர் ஒருவர் கட்டிலிலிருந்து எழுந்து பதினைந்து நொடியில் கதவுக்கு வந்துவிட்டதாகச் சாட்சி சொல்லியிருக்கிறார், அந்த ஒற்றை ஆளான ஹென்றி ஃபோண்டா காலை இழுத்து இழுத்து அறைக்குள் நடந்து காட்டுகிறார், கடிகாரத்தில் 41 நொடி. இது எந்த பிளாஷ்பேக்கையும் விட எனக்குப் பரபரப்பாக இருக்கிறது, ஏனென்றால் நடந்தது என்ன என்று காட்டாமல், நடந்ததாகச் சொன்னதை எப்படிச் சோதிப்பது என்று கண்ணெதிரே செய்து காட்டுகிறார்கள். கேமரா செய்யும் வேலையும் அப்படித்தான். முதல் பகுதியைக் கண் மட்டத்துக்கு மேலிருந்தும், நடுப்பகுதியைக் கண் மட்டத்திலும், கடைசிப் பகுதியைக் கீழிருந்தும் எடுத்திருக்கிறார் சிட்னி லூமெட். போகப் போக லென்ஸும் நீளமானதாக மாறுகிறது. சுவர்கள் நெருங்குகின்றன, கூரை தெரிய ஆரம்பிக்கிறது, வியர்க்கிறது, ஏன் மூச்சு முட்டுகிறது என்று தெரியாமலே நாமும் சட்டைக் காலரைத் தளர்த்துகிறோம்.

அந்தப் பையன் கொன்றானா இல்லையா என்பது கடைசிவரை தெரியாது. ‘ராஷோமோன்’ போலவே இதிலும் விடை இல்லை, ஆனால் அங்கே அது தவிப்பாக முடிகிறது, இங்கே உறுதியாகத் தெரியாதபோது தண்டிக்கக் கூடாது என்ற முடிவாகிறது. மூன்றில் ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் ‘12 ஆங்ரி மென்’ என்றே சொல்வேன். வேலையையும் தருகிறது, அதைச் செய்யக் கருவியையும் கையில் தருகிறது. பல தடவை திரும்பப் பார்க்க ஒன்று என்றால் ‘ராஷோமோன்’. பழைய படம் என்றாலே தள்ளிப்போகும் நண்பரை உட்கார வைக்க வேண்டுமா, யோசிக்காமல் ‘அந்த நாள்’.

சரி, குழந்தைகள். ‘டொட்டோரோ’வும் ‘ஃபயர்ஃப்ளைஸ்’ஸும் ஒரே கிப்லி அனிமேஷன் ஸ்டுடியோவில் உருவாகி, 1988 ஏப்ரலில் ஒரே நாளில், ஒரே டிக்கெட்டில் ஜோடியாகத் திரையிடப்பட்டவை. முன்னதை இயக்கியவர் மியாசாகி, பின்னதை தகாஹாதா. இரண்டும் சேர்ந்தே மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு கதையிலும் இரண்டு குழந்தைகள், மூத்தது சின்னதைப் பார்த்துக்கொள்கிறது, இரண்டிலும் அம்மா பக்கத்தில் இல்லை. ‘டொட்டோரோ’வில் மழையில் பஸ்ஸுக்காக நிற்கும்போது தூக்கம் வந்த தங்கையை அக்கா முதுகில் சுமந்துகொள்கிறாள். ‘ஃபயர்ஃப்ளைஸ்’ஸிலும் அண்ணன் தங்கையை முதுகில் சுமக்கிறான், ஆனால் குண்டு விழுந்து எரியும் ஊரின் நடுவே. அடுத்தடுத்த நாளில் பார்த்ததால் அந்த இரண்டு முதுகும் எனக்கு ஒன்றாகிவிட்டது, இப்போது ஒன்றை நினைத்தால் மற்றது தானாக வந்து நிற்கிறது.

‘டொட்டோரோ’ நம்மிடம் கேட்பது பொறுமை. அந்தப் பஸ் ஸ்டாப் காட்சியில் கதை என்று பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. மழை பெய்கிறது, பக்கத்தில் ஒரு பெரிய உருவம் வந்து நிற்கிறது, தலையில் ஓர் இலை மட்டும். சிறுமி அதற்குக் குடை கொடுக்கிறாள். மரத்திலிருந்து ஒரு சொட்டு குடை மேல் ‘டொப்’ என்று விழுகிறது. டொட்டோரோவுக்குக் கண் விரிகிறது. இன்னொரு சொட்டு. அந்தச் சத்தத்துக்கு அது சொக்கிப்போய், எம்பிக் குதித்து மரத்தில் தேங்கிய தண்ணீர் மொத்தத்தையும் ஒரேயடியாக உதிரச் செய்து கேட்கிறது. அதற்கு அப்புறம் எனக்கு மழை பெய்தால் குடைச் சத்தம்தான் முதலில் காதில் விழுகிறது. அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தைப் படம் உரக்கப் பேசாமல் ஓரத்தில் வைத்துவிடுகிறது, அதைச் சுமக்கும் வேலை பெரியவர்களான நமக்கு.

‘ஃபயர்ஃப்ளைஸ்’ எதையும் ஓரத்தில் வைக்கவில்லை. 1945 செப்டம்பர் 21 இரவு தான் இறந்துவிட்டதாக அண்ணன் குரல் சொல்லித்தான் படமே ஆரம்பிக்கிறது. முடிவு தெரிந்துவிட்டதால், ‘பிழைப்பார்களா’ என்று பதறும் வழி நமக்கு அடைபட்டுவிடுகிறது, மிச்சமிருப்பது பார்ப்பது மட்டும். காலியான மிட்டாய் டப்பாவில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஒட்டியிருந்த கடைசி இனிப்பையும் குடிக்கிற அந்தக் காட்சியில் நான் நிறுத்திவிட்டு எழுந்து போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தேன். இது பெரிய படம், சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டில் எது என்றால், யாருக்கும் எப்போதும் நான் கொடுப்பது ‘டொட்டோரோ’ மட்டும். ‘ஃபயர்ஃப்ளைஸ்’ பார்க்கச் சொல்வதென்றால் அந்த ஆளைத் தெரிந்திருக்க வேண்டும், அவர் அப்போது என்ன நிலையில் இருக்கிறார் என்றும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் பார்ப்பவர்கள் ‘ஃபயர்ஃப்ளைஸ்’ஸை முதலில் பாருங்கள். நான் வரிசையை மாற்றிப் பார்த்துவிட்டு அன்றிரவு தூங்கவில்லை.

கடைசி மோதல் எனக்கே எதிர்பாராதது. ‘ஃப்யூரி ரோட்’டுக்கும் ‘டோக்கியோ ஸ்டோரி’க்கும் என்ன சம்பந்தம்? முன்னது 120 நிமிடத்தில் சுமார் 2,700 ஷாட். பின்னது 136 நிமிடம், கேமரா நகர்கிற இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏறுக்கு மாறு என்று நினைத்துத்தான் ஜோடி சேர்த்தேன். பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது, இரண்டும் நம் கண்ணை ஒரே மாதிரி அக்கறையோடு நடத்துகின்றன.

‘ஃப்யூரி ரோட்’ இயக்குநர் ஜார்ஜ் மில்லர் முக்கியமானது எதுவோ அதை ஃபிரேமின் நடுவிலேயே வைக்கச் சொல்லியிருக்கிறார். அதனால் அத்தனை வேகமாக வெட்டியும் கண் எங்கும் ஓடித் தேட வேண்டியதில்லை, முகம் இருந்த இடத்திலேயே அடுத்த ஷாட்டில் கை வருகிறது, கை இருந்த இடத்தில் சக்கரம் வருகிறது. வேகமாக வெட்டும் ஆக்‌ஷன் படங்கள் பலவற்றில் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே புரியாமல் தலை வலிக்கும், இதில் அது இல்லை. 480 மணி நேரத்துக்கான காட்சிகளை எடுத்துக் குவித்திருந்தார்கள், அதிலிருந்து இதைச் செதுக்கியவர் மார்கரெட் சிக்ஸல். அவர் அதற்கு முன் ஆக்‌ஷன் படம் எடிட் செய்ததே இல்லை. ஆஸ்கர் வாங்கினார், படத்துக்குக் கிடைத்த ஆறில் அதுவும் ஒன்று.

‘டோக்கியோ ஸ்டோரி’ இயக்குநர் ஓசு கேமராவைத் தரைக்குச் சற்று மேலே, பாயில் உட்கார்ந்தவரின் கண் மட்டத்துக்கும் கீழே வைத்துவிட்டு அசைக்காமல் விட்டுவிடுகிறார். இங்கேயும் கண்ணுக்குத் தேடும் வேலை இல்லை. மில்லர் அந்த மிச்ச நேரத்தை நம் நாடித்துடிப்புக்குக் கொடுக்கிறார், ஓசு அதை முகங்களுக்குக் கொடுக்கிறார். பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ வந்த வயதான தம்பதி, பிள்ளைகளுக்கு நேரமில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை, அவரவர்க்கு வேலை. போரில் காணாமல்போன மகனின் மனைவி நோரிகோதான் ஒரு நாள் லீவு போட்டு ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். அப்பாவாக நடித்த சிஷு ரியூவுக்கு அப்போது வயது 49, எழுபது வயதுக்காரராக அந்தச் சின்ன ‘ம்’ ஒன்றை அவர் சொல்லும் விதத்தில் அது தெரியவே தெரியாது. அம்மா இறந்த பிறகு, ‘வாழ்க்கை ஏமாற்றமாகத்தான் இருக்கிறது, இல்லையா?’ என்று வீட்டின் கடைசி மகள் கேட்க, நோரிகோ சிரித்தபடி ஆமாம் என்கிறாள். அந்தச் சிரிப்பை என்ன செய்வது என்று ஓசு சொல்லித்தரவில்லை. முகத்தை நம் முன்னால் வைத்துவிட்டு மற்றதை நம்மிடம் விட்டுவிட்டார்.

இந்த ஜோடியில் மட்டும் எனக்குத் தயக்கமே இல்லை. ‘ஃப்யூரி ரோட்’டைப் பெரிய திரையில், நல்ல ஒலியோடு, முடிந்தால் கூட்டத்தோடு பாருங்கள், சின்னத் திரையில் அதன் பாதி போய்விடும். ‘டோக்கியோ ஸ்டோரி’க்கு எந்தத் திரையும் போதும், ஃபோனை வேறு அறையில் வைத்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். முதல் அரை மணி நேரம் நகராதது போலத் தோன்றும், விட்டுவிடாதீர்கள். எது என்று கேட்டால் ‘டோக்கியோ ஸ்டோரி’, இந்த வாரத்தின் ஏழு படத்திலும் அதுதான். படம் முடிந்ததும் ஒரே ஒரு இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ரயிலில் உட்கார்ந்திருக்கும் நோரிகோ, மாமனார் தந்த, மாமியாரின் பழைய கடிகாரத்தை எடுத்து, மூடியைத் திறந்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.